சோடா பாட்டிலுக்கு விலை வைப்பது யார்?

பழைய பாட்டிலுக்கென்றே தனியாக ஏலம் நடத்தும் கம்பெனிகள் உலகத்தில் இருக்கின்றன என்று எங்கள் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். "காலி பாட்டிலா, சரக்கோடவா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். காலி பாட்டில்தான் சாமி. அதுவும் நாம் கூத்து பார்க்கப் போன இடத்தில் குடித்துவிட்டு வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தோமே, அதே கோலி சோடா பாட்டில் வகைதான்.

அந்த ஏலங்களில் ஒரு கோலி சோடா பாட்டில் சில பவுண்டுக்கும் போகிறது, சில ஆயிரம் பவுண்டுக்கும் போகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பாட்டில். பிறகு எப்படி இந்த வித்தியாசம்? இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ குடித்துவிட்டு வருகிறவர்கள் வரலாம் :-)

கருத்து இதுதான். ஏலத்தில் யாரும் கண்ணாடிக்குக் காசு கொடுப்பதில்லை. அந்தக் கண்ணாடியைப் பற்றி யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கும் விவரத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். நம்மிடம் பாட்டில் இருந்தது, விவரம் இல்லை. அதனால் நம் பாட்டில் காயலான் கடைக்கு எடைக்குப் போனது, இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் பாட்டிலின் கதை

கோலி சோடா நம்ம ஊர்ச் சரக்கு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாட்டிலைக் கண்டுபிடித்தவர் ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர். 1838ல் பிறந்தவர். 1870களின் தொடக்கத்தில் இந்தக் கோலி அடைப்புக்கு காப்புரிமை வாங்கினார். நாம் பார்க்கிற வடிவம் 1872ல் வந்தது. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் கண்ணாடித் தொழிற்சாலை வைத்திருந்த பென் ரைலண்ட்ஸ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து பாட்டிலைச் செய்தார்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது, ரொம்பப் புத்திசாலித்தனமானது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. வாய்க்கு உள்பக்கம் ஒரு பள்ளம், அதில் ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாக வைத்து காற்றடைத்த தண்ணீரை நிரப்புகிறார்கள். கோலி தானாக வாய்ப் பக்கம் வந்து விழுகிறது. உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை ரப்பரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. தக்கை வேண்டாம், கம்பி வேண்டாம், மூடி வேண்டாம். குடிக்கும்போது கோலி வந்து வாயை அடைக்காமல் இருக்க கழுத்தில் இரண்டு குழி. அந்தக் குழிப் பக்கமாகச் சாய்த்துக் குடிக்க வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும்.

ஆள் 1887ல் இறந்துவிட்டார். இங்கிலாந்தில் பின்னால் கிரவுன் மூடி வந்து கோலியை ஓரங்கட்டியது. ஜப்பானில் ராமுனே என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. வடக்கே பண்டா. நமக்குக் கோலி சோடா.

தமிழ்நாட்டில் சோடாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. மதராஸில் ஸ்பென்சர் கம்பெனி துரைமார் காலத்திலேயே சோடா தயாரித்து விற்றது. 1916ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கியதுதான் காளிமார்க். வேலூரில் 1924ல் கண்ணுசாமி முதலியார் கண்ணன் அண்ட் கோ தொடங்கி, ஜெர்மனியிலிருந்து கோலி பாட்டில்களை வரவழைத்தார். இவை பெயர் நிலைத்த கம்பெனிகள். இவை தவிர ஒவ்வொரு தாலுக்கா டவுனிலும் இரண்டு மூன்று சோடா கம்பெனிகள் இருந்தன. ஒரு அறை, ஒரு கைச்சுற்று மிஷின், நாலு மரப்பெட்டி, ஒரு சைக்கிள் அல்லது வண்டி. அவ்வளவுதான் கம்பெனி.

பாட்டில் ஏலம் எப்படி நடக்கிறது?

இங்கிலாந்தில் பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் எல்சிகார் என்று ஓர் ஊர். அங்கே ஆலன் பிளேக்மேன் என்பவர் பாட்டில் சேகரிப்பவர்களுக்காகப் பத்திரிகையும் நடத்தி, பி.பி.ஆர். என்ற பெயரில் பாட்டில் ஏலமும் நடத்திவந்தார். ஹைரம் காட்டின் பாட்டில் எந்த வட்டாரத்தில் செய்யப்பட்டதோ அதே வட்டாரம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நார்மன் ஹெக்லர் கம்பெனி மாதிரி பழைய கண்ணாடிப் பாட்டிலுக்குப் பேர்போன ஏல நிறுவனங்கள் உண்டு.

நடைமுறை இப்படி. விற்கிறவர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுக்கிறார். ஏலக் கம்பெனி அதற்கு ஒரு லாட் எண் போடுகிறது, படம் எடுக்கிறது, நாலு வரி விவரம் எழுதுகிறது, இவ்வளவுக்குப் போகலாம் என்று ஒரு மதிப்பு போடுகிறது. இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று விற்கிறவர் ஒரு குறைந்தபட்ச விலை வைத்திருக்கலாம். அது வாங்குகிறவருக்குத் தெரியாது. கேட்லாக் வெளியாகிறது. ஏலத்துக்கு முன்னால் நேரில் வந்து பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்க நேரம் ஒதுக்குகிறார்கள். வர முடியாதவர்கள் தங்கள் உச்ச விலையை முன்கூட்டி எழுதிக் கொடுக்கலாம், போனில் கேட்கலாம், இணையத்தில் கேட்கலாம்.

இதில் புதிதாக நுழைகிறவர்கள் அடிபடும் இடங்கள் என்று சேகரிப்பாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது மூன்று.

ஒன்று, கணக்கு. சுத்தியல் தட்டிய விலை நாம் கொடுக்கும் விலை ஆகாது. அதன் மேல் வாங்குகிறவர் கமிஷன் உண்டு. உதாரணத்துக்கு ஒரு பாட்டில் 100 பவுண்டுக்கு விழுந்தது, கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 20 பவுண்டு. அந்தக் கமிஷனுக்கு வரி 20 சதவீதம், அது 4 பவுண்டு. ஆக 124. பஞ்சு சுற்றி, இரட்டைப் பெட்டியில் வைத்து, இன்சூரன்ஸ் போட்டு இந்தியாவுக்கு அனுப்ப ஒரு 40 பவுண்டு என்றால் 164. பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. பதினாறாயிரத்தைத் தாண்டிவிட்டோம். இன்னும் இந்தியச் சுங்க வரி கட்டவில்லை. 100 பவுண்டு மனதில் வைத்துக்கொண்டு கை தூக்கியவர் முழிக்கிற இடம் இது.

இரண்டு, வார்த்தை. கேட்லாக் மொழி ஒரு தனி மொழி. உதட்டில் சில்லு, உடம்பில் நட்சத்திர வெடிப்பு, உள்ளே பால் படிந்த மாதிரி மங்கல், மண்ணில் கிடந்ததால் வந்த அரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். இவற்றில் எது விலையைப் பாதியாக்கும், எது கண்டுகொள்ளத் தேவையில்லாதது என்று தெரிய வேண்டும். மங்கின கண்ணாடியை ஒரு உருளைக்குள் செப்புத் துண்டுகளும் பொடியும் போட்டுச் சுற்றிப் பளபளப்பாக்குகிற வேலையும் உண்டு. அதைச் செய்தது தப்பில்லை, செய்ததைச் சொல்லாமல் விற்றால்தான் சண்டை.

மூன்று, போலி. கோலி பாட்டிலில் சாதாரணமாகக் கிடைப்பது வெளிர் பச்சை கலந்த நீலம். அடர் நீலம் அபூர்வம், அதற்குத்தான் ஆயிரக்கணக்கில் விலை. எங்கே விலையோ அங்கே வேலை நடக்கும் :-) மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடியைக் கதிர்வீச்சில் வைத்தால் ஊதாவாக மாறிவிடும். வெயிலில் பல வருஷம் கிடந்தால் இயற்கையாகவே கொஞ்சம் மாறும். கதிர்வீச்சில் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். அப்புறம் நம் பங்கு! இந்தியாவில் கோலி பாட்டில் உற்பத்தி நிற்கவே இல்லை. பத்து இருபது வருஷம் சோடா கடையில் பெட்டிக்குள் உருண்டு, மோதி, தேய்ந்த நம்ம ஊர்ப் பாட்டிலைப் பார்த்தால் நூறு வருஷத்துப் பாட்டில் மாதிரிதான் இருக்கும். இணையச் சந்தையில் அதை விக்டோரியா காலத்துப் பாட்டில் என்று வெள்ளைக்காரர் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் எதற்கு ஏலக் கம்பெனி?

இவ்வளவு செலவும் வம்பும் இருந்தும் அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் இந்த மாதிரி தனி ஏலங்களைத்தான் தேடிப் போகிறார்கள். ஏன்? இங்கேதான் என் கட்சி ஆரம்பிக்கிறது.

பொது ஏலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மர்ரே கம்பெனியின் ஞாயிற்றுக்கிழமை ஏலங்கள் பேர்போனவை. கல்கத்தாவில் 1940ல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் ஏலக் கடை பற்றி ஒரு ஆவணப்படமே வந்திருக்கிறது. இந்த மாதிரி இடத்தில் கட்டில், பீரோ, கடிகாரம், பீங்கான், பாட்டில் எல்லாம் கலந்து வரும். ஏலம் போடுகிறவருக்குப் பீரோ தெரியும், பாட்டில் தெரியாது. அதனால் தெரிந்த ஆளுக்கு அங்கே அதிர்ஷ்டம் அடிக்கலாம், தெரியாத ஆள் ஏமாறலாம். எல்லாம் வாங்குகிறவர் சாமர்த்தியம்.

பாட்டிலுக்கென்றே இருக்கும் ஏலக் கம்பெனி வேறு மாதிரி. "இந்தப் பாட்டில் இன்ன ஊர், இன்ன கம்பெனி, இன்ன காலம், இந்த இடத்தில் இவ்வளவு பெரிய சில்லு" என்று அச்சடித்துக் கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்கிறது. தப்பாக எழுதினால் அடுத்த ஏலத்துக்கு ஆள் வராது, ஏனென்றால் வருகிற இருநூறு முந்நூறு பேரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். நாம் கொடுக்கும் கமிஷன் அந்த நாலு வரிக்குத்தான். அதனால் ஒரு ஏலக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று பார்க்க அதன் கமிஷன் சதவீதத்தைப் பார்க்க வேண்டாம், அது பாட்டிலின் குறையை எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்தால் போதும் என்பேன். எல்லாப் பாட்டிலும் "அருமையான நிலையில்" என்று எழுதும் கம்பெனி கமிஷனே வாங்காவிட்டாலும் நமக்கு வேண்டாம்.

சரி, அந்த நாலு வரியை எழுத ஏலக் கம்பெனிக்கு எங்கிருந்து விவரம் கிடைக்கிறது? இந்தக் கேள்விதான் முக்கியம்.

அமெரிக்காவில் ஜார்ஜ் மெக்கியரின், ஹெலன் மெக்கியரின் என்று அப்பாவும் மகளும் சேர்ந்து 1941ல் அமெரிக்கக் கண்ணாடி பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். அதில் பழைய சாராயக் குப்பிகளை உருவம் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். இன்றைக்கும் அமெரிக்க ஏலக் கேட்லாக்கில் ஒரு குப்பி வந்தால் அந்த எண்ணோடுதான் வரும். எண் தெரிந்தால் அந்த வகை எத்தனை கிடைத்திருக்கிறது, எந்த நிறம் அபூர்வம், போன முறை என்ன விலை என்று எல்லாம் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் கதை குப்பைமேட்டில் தொடங்குகிறது. விக்டோரியா காலத்துக் குப்பைக் குழிகளைத் தோண்டிப் பாட்டில் எடுக்கிற பொழுதுபோக்கு அங்கே 1970களில் பரவியது. அவரவர் தங்கள் ஊர்க் குழியைத் தோண்டினார்கள். பாட்டிலில் சோடா கம்பெனியின் பெயரும் ஊரும் புடைப்பெழுத்தில் இருக்கும். பாட்டில் கம்பெனியின் சொத்து, குடித்துவிட்டுத் திருப்பிக் கொடு என்பதற்காகத்தான் அந்தப் பெயர். அதை வைத்து ஊர் ஊராகப் பட்டியல் போட்டார்கள். எங்கள் ஊரில் இத்தனை சோடா கம்பெனி, இவரிடம் இத்தனை விதமான பாட்டில், இந்தக் கம்பெனி இன்ன வருஷம் மூடியது என்று. அந்தப் பட்டியல் வந்த பிறகுதான் "எங்கள் ஊர்ப் பாட்டில்களில் இந்த ஒன்று மட்டும் என்னிடம் இல்லை" என்று சொல்ல ஒருவருக்கு வாய்ப்பு வந்தது. அப்படிச் சொல்கிற இரண்டு பேர் ஏலத்தில் எதிரெதிரே உட்கார்ந்தால் விலை ஏறுகிறது. வெளியூர்க்காரருக்கு அதே பாட்டில் பத்துப் பவுண்டு கூடப் பெறாது.

ஆகவே விலைக்கு முன்னால் பட்டியல். பட்டியலுக்கு முன்னால் தன் ஊர் மேல் ஒரு பிடிப்பு.

இந்தியாவில் இதற்கு உதாரணம் வேண்டுமா? நாணயத்தைப் பாருங்கள். மும்பையில் டோடிவாலா, பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ் என்று நாணயத்துக்கான ஏல நிறுவனங்கள் இங்கேயே இருக்கின்றன. சோழர் காசு, கம்பெனிக் காசு என்று ஒவ்வொன்றுக்கும் பட்டியல் புத்தகம் இருப்பதால்தான் அது சாத்தியமானது. பாட்டிலுக்கு அப்படி ஒரு ஏல வீடு இங்கே உருவாகவில்லை.

நம் பாட்டில்கள் எங்கே போயின?

எங்கள் ஊர் மானாம்பதி. திருப்போரூர் பக்கம் இருக்கும் மானாமதியோடு சிலர் குழப்பிக்கொள்வார்கள், இது உத்திரமேரூர் பக்கம். இங்கே பாரதக் கூத்து நடக்கிற ராத்திரிகளில் சோடா வண்டி நிற்காத வருஷம் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் வண்டி வைத்திருந்த ஒரு தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பாட்டில்ல பேரு எதுனா போட்டிருக்குமா தாத்தா?"

"போட்டிருக்கும் கண்ணு. நாலு கம்பெனி பாட்டிலும் கலந்து கெடக்கும். அவன் பாட்டில் எங்கிட்ட, எம்பாட்டில் அவங்கிட்ட. யாரு படிச்சிப் பாத்தா?"

"இப்ப ஒண்ணுகூட இல்லியா?"

"கடைசியா ரெண்டு பெட்டி கெடந்துச்சி. எடைக்குப் போட்டுட்டேன். அத வச்சி இன்னா பண்றது?"

நியாயமான கேள்விதான். அவருக்கு அது தொழில் சாமான். தொழில் போனதும் சாமான் போனது.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்திலும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாட்டில்தான். இருந்தாலும் உடைந்ததும் தொலைந்ததும் கிரவுன் மூடி வந்த பிறகு வேண்டாமல் போனதும் குப்பைக் குழிக்குப் போய் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தன. நாம் அப்படி எறியவில்லை. ஒரு பாட்டில் உடைகிற வரைக்கும் ஓடியது. உடைந்ததும் கோலி பையன்கள் கைக்குப் போனது, சில்லு காயலான் கடை வழியாகக் கண்ணாடி உலைக்குப் போய் உருகி வேறு பாட்டிலாகிவிட்டது. சிக்கனமாக இருந்தோம். அதனால் நமக்குத் தோண்டி எடுக்கக் குழி இல்லை. மிச்சம் இருப்பது பழைய சோடா கம்பெனி வீட்டுப் பரண், காயலான் கடை மூலை, வயதானவர்களின் ஞாபகம். மூன்றும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறது.

2017ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்க மாட்டோம் என்று அறிவித்தபோது கோலி சோடாவுக்குத் திடீர் மவுசு வந்தது. 2025ல் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபெடா, கோலி பாப் சோடா என்ற பெயரில் வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போவதைப் பெருமையாக அறிவித்தது. இங்கிலாந்தில் பிறந்த பாட்டில் நம்மிடமிருந்து இங்கிலாந்துக்கே போகிறது! சந்தோஷம்தான். ஆனால் இதெல்லாம் புதுப் பாட்டில். பழைய பாட்டிலையும் அதில் இருந்த பெயர்களையும் இந்த மவுசு தொடவில்லை. ஒரு பாதிப்புகூட உண்டு: புதுப் பாட்டில் வந்ததும் பழசை முதலில் கழிக்கிறார்கள்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருள் ஆகலாம். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, வியாபாரமாக விற்க லைசென்ஸ் வேண்டும். ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று கேள்வி வந்தால் முடிவு சொல்லும் அதிகாரம் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநருக்கு. 1924ல் வந்திறங்கிய பாட்டில் 2024ல் நூறைத் தொட்டுவிட்டது என்பதைச் சோடா பாட்டிலைச் சீமை ஏலத்துக்கு அனுப்பிக் காசு பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிற நண்பர்கள் கவனிக்கவும். முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பெட்டி கட்டுங்கள்.

என்ன செய்யலாம்?

வெளிநாட்டு ஏலத்தில் பதினாறாயிரம் கொடுத்து எவருடைய ஊர் பெயரோ போட்ட பாட்டிலை வாங்கி அலமாரியில் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காசு இருக்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் அந்தக் காசில் நூறில் ஒரு பங்கும், இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் நம் தாலுக்காவின் சோடா கம்பெனிப் பட்டியலைத் தொடங்கிவிடலாம். சேகரிப்பு என்றால் எனக்கு அதுதான் முதல் வேலையாகத் தெரிகிறது.

பாட்டிலை வாங்கக்கூட வேண்டாம். பார்த்த இடத்தில் ஐந்து விஷயம் குறித்துக்கொண்டால் போதும். புடைப்பெழுத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துப் பிழை உட்பட அப்படியே. ஊர்ப் பெயர். அடிப்பாகத்தில் உள்ள குறி அல்லது எண். உயரம், நிறம், கோலியின் நிறம். எங்கே பார்த்தோம், யார் என்ன சொன்னார்கள், என்ன தேதி. ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து மூன்று போட்டோ. எழுத்து தேய்ந்து போட்டோவில் தெரியாவிட்டால் மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் வந்துவிடும். கல்வெட்டுக்கு மை ஒற்றிப் படி எடுக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

கல்வெட்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தாலுக்காத் தலைநகரான உத்திரமேரூரை உலகம் அறிந்ததே ஒரு கோயில் சுவரில் எழுதி வைத்ததால்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், குடவோலை முறையில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். அது மாதிரி சபை வேறு ஊர்களிலும் இருந்தது. விதிகளை இவ்வளவு விரிவாக எழுதி வைத்த ஊர்தான் பாடப்புத்தகத்தில் ஏறியது. அந்த ஊர்க்காரர்களான நாம், முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் நம் கடைத்தெருவில் எந்தப் பெயரில் சோடா விற்றது என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறோம்.

எதிர்வாதம் வரும், தெரியும். இரண்டுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"பட்டியல் போட்டால் விலை ஏறும், விலை ஏறினால் புரோக்கர் வருவான், போலி வரும்." உண்மைதான். ஆனால் பட்டியல் இல்லாத இடத்திலும் புரோக்கர் வருகிறார், வந்து எடைக்கு வாங்கிப் போகிறார். அப்போது விவரம் அவரிடம் மட்டும் இருக்கிறது, பாட்டில்காரரிடம் இல்லை. பட்டியல் எல்லோர் கையிலும் இருந்தால் அந்தத் தாத்தாவுக்காவது தன் இரண்டு பெட்டியில் எதைத் தனியாக எடுத்து வைக்கலாம் என்று தெரிந்திருக்கும். போலியைப் பிடிக்கவும் அசலின் பட்டியல்தான் வேண்டும்.

"சோடா பாட்டிலெல்லாம் ஒரு வரலாறா? கோயிலையே காப்பாற்ற முடியவில்லை." கோயிலைக் காப்பாற்ற ஒரு துறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் மிஷின் சுற்றின மனிதருக்கு ஒன்றும் இல்லை. அவர் தன் பெயரை அச்சில் ஏற்றிய ஒரே இடம் அந்தக் கண்ணாடியாக இருக்கலாம். தடிமனான கண்ணாடி போட்டவனைச் சோடாபுட்டி என்று கூப்பிடுகிறோம், கூட்டத்தில் கலாட்டா என்றால் சோடா பாட்டில் பறந்தது என்கிறோம். நம் பேச்சில் இவ்வளவு தூரம் ஒட்டிக்கொண்ட பொருளைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்காவது எழுத்து இருக்க வேண்டாமா?

கூடப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டில் தாத்தா, பாட்டி, பெரியப்பா யாராவது இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஊர்ல சோடா எந்தக் கம்பெனிது?" பெயரையும், கடை இருந்த இடத்தையும், எப்போது மூடியது என்பதையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வந்தவாசி, செய்யாறு, மதுராந்தகம், காஞ்சிபுரம், உத்திரமேரூர் என்று ஆளுக்கு ஒரு ஊர் எடுத்தாலே நாற்பது ஐம்பது பெயர் தேறும் என்பது என் கணிப்பு. நான் மானாம்பதியும் சுற்றுவட்டாரமும் எடுத்துக்கொள்கிறேன். காயலான் கடை அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன், பெயர் போட்ட பாட்டில் வந்தால் உடைக்கும் முன் ஒரு போன் பண்ணச் சொல்லி. சிரித்தார், ஆனால் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.